துடிப்பைத் திருத்தும் மாத்திரைகள்

(பொதுமக்களுக்காக நூலக அரங்கு ஒன்றில் இதய மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாலை நேரத்து டி.வி. தொடரை விட்டுவிட்டு மருத்துவம் கேட்க இத்தனை பேர் வந்திருப்பதே பெரிய விஷயம். அதனால் முன்னுரையை நீட்டாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இதய நோய் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது அடைப்பு, ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ். நான் இன்று பேசப்போகும் நோயில் ரத்தக் குழாய்கள் ஒழுங்காகவே இருக்கலாம். கெட்டுப்போவது துடிப்பின் சீர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது அதன் பெயர், வார்டில் ஏ.எஃப். என்றுதான் சொல்வோம். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. இதற்கு நூறாண்டுக்கு மேலாக மாத்திரை கொடுத்து வருகிறோம். அந்த மாத்திரைகளால் வந்த லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்கிற கணக்கை உங்கள் முன் விரித்துக் காட்டுவதுதான் என் நோக்கம்.

நோயாளி எப்படி வருவார் என்று முதலில் சொல்கிறேன். அறுபது, எழுபது வயது அம்மா ஒருவர். மகன் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். "என்னம்மா செய்யுது?" என்றால், "படபடன்னு வருதுங்க ஐயா. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. ராத்திரி படுத்தா காதுக்குள்ளயே கேக்குது" என்பார். மணிக்கட்டில் மூன்று விரலை வைப்பேன். ஒரு துடிப்பு பலமாக வரும். அடுத்தது வரத் தாமதமாகும். பிறகு இரண்டு, மூன்று அடுத்தடுத்து ஓடிவரும். அதில் ஒன்று விரலுக்கு எட்டியும் எட்டாமலும் போகும். எவ்வளவு நேரம் பிடித்துப் பார்த்தாலும் அடுத்த துடிப்பு எப்போது என்று ஊகிக்க முடியாது. நர்ஸ் அம்மாவை மணிக்கட்டில் எண்ணச் சொல்லிவிட்டு, அதே நிமிடம் நான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெஞ்சில் எண்ணினால், நெஞ்சில் 130 இருக்கும், கையில் 100கூட இருக்காது. மீதித் துடிப்புகள் எங்கே போயின? இதயம் ரத்தத்தால் நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிட்டது. உழைப்பு நடந்தது, சரக்கு கைக்கு வரவில்லை. நாடி பிடித்துப் பார்க்கிற பழக்கம் டாக்டர்களிடம் குறைந்துகொண்டே வருகிறது என்பது என் வருத்தம். இந்த நோயைப் பொறுத்தவரை மூன்று விரலும் ஒரு கடிகாரமும் பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். மீதியை ஈ.சி.ஜி. உறுதி செய்யும்.

உள்ளே நடப்பது இது. வலது மேலறையின் மேற்புறத்தில் சைனஸ் கணு என்ற சிறு திசு உண்டு. ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின் தூண்டலைக் கிளப்பி, இதயம் முழுவதையும் ஓர் ஒழுங்கில் வைத்திருப்பது அதுதான். ஏ.எஃப். வந்துவிட்டால் அந்தக் கணுவின் அதிகாரம் போய்விடுகிறது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தூண்டல்கள் திசைக்கொன்றாக ஓடுகின்றன. அத்தனையும் கீழறைக்கு இறங்கினால் ஆள் பிழைக்க மாட்டார். தடுப்பது நடுவில் உள்ள ஏ.வி. கணு. வைகுண்ட ஏகாதசி அன்று சொர்க்கவாசல் முன்னால் கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும், கயிறு பிடித்து நிற்கிற காவலர் ஒருவர் பின் ஒருவராகத்தானே விடுவார்? அந்த வேலையைத்தான் இந்தக் கணு செய்கிறது. ஆனால் விடுகிற இடைவெளி மட்டும் சீராக இருக்காது. நாடி தாறுமாறாக ஓடுவது அதனால்தான்.

படபடப்பு தொந்தரவுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த நோயில் நாங்கள் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. இடது மேலறையை ஒட்டி ஒரு சிறு பை இருக்கிறது. அறை சுருங்காததால் ரத்தம் அந்தப் பையில் தேங்குகிறது, தேங்கியது உறைகிறது, உறைந்ததில் ஒரு துணுக்கு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர் மக்களைத் தலைமுறைகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு, ஏ.எஃப். இருந்தால் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று காட்டியது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு ஏ.எஃப். வந்தால் இது 17 மடங்குக்கு மேல். நம் நாட்டில் சின்ன வயதிலேயே ஏ.எஃப். வருகிறவர்களில் இந்த வால்வு நோயாளிகள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

ஆகவே ஏ.எஃப். நோயாளியின் சீட்டில் மூன்று விதமான மாத்திரை இருக்கக்கூடும். ரத்தம் உறையாமல் தடுப்பது ஒன்று. நடுக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, கீழறையின் வேகத்தை மட்டும் அடக்குவது இன்னொன்று. நடுக்கத்தையே நிறுத்தி, பழைய சீரான துடிப்பைத் திருப்பிக் கொண்டுவர முயல்வது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் இன்றைய பேச்சுப் பொருள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு எது எந்த மாத்திரை என்று தெரிவதில்லை. 'ஹார்ட் மாத்திரை' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் குழப்பத்தால் என்ன விளைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேகத்தை அடக்கும் மாத்திரைகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் டிஜிட்டாலிஸ் செடியின் இலையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அந்தக் குடும்பத்து டிகாக்ஸின் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதோடு மெட்டோபுரோலால், பைசோபுரோலால், டில்டியாஸெம், வெரபமில். எல்லாமே ஏ.வி. கணுவை இன்னும் கெடுபிடியாக்குகிறவை. ஓய்வில் நாடி 110-க்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும், 80-க்குக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை என்று 2010-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. மலிவான, பழகிய மாத்திரைகள். பலருக்கு இதுவே போதும்.

இனி மூன்றாம் வகை. அதன் கதை சிங்கோனா மரப்பட்டையில் தொடங்குகிறது. மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்த அதே மரம். 1860களில் ஆங்கிலேய அரசு நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டு வளர்த்த மரம். ஹாலந்து நாட்டு இதய மருத்துவர் வென்கபாக்கிடம் 1912-இல் ஒரு வணிகர் வந்தார். அவ்வப்போது நாடி தாறுமாறாக ஓடுகிறது என்றார். அதற்கு வைத்தியம் இல்லை என்று வென்கபாக் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாக் காரியத்திலும் ஒழுங்கு பார்க்கிற மனிதர். தன் இதயம் மட்டும் ஒழுங்கில்லாமல் இருப்பதா? நாளைக் காலையில் சீரான நாடியோடு வந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தார். கொய்னா சாப்பிட்டபோது இந்தப் படபடப்பு நின்றதை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். நோயாளியிடம் பாடம் கேட்டதை மறைக்காமல் 1914-இல் தன் நூலில் எழுதினார் வென்கபாக். நான்கு வருடம் கழித்து வால்டர் ஃப்ரே என்ற மருத்துவர், சிங்கோனாப் பட்டையில் உள்ள சரக்குகளைத் தனித்தனியே சோதித்து, இதற்கு மிகச் சிறந்தது குயினிடின் என்று அறிவித்தார்.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் குயினிடின்தான் ராஜா. நடுக்கம் நின்றது, ஈ.சி.ஜி. அழகாயிற்று, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலர் திடீரென்று மயங்கி விழுந்தார்கள். அது நோயின் வேலையா, மருந்தின் வேலையா என்று பிரித்துப் பார்க்க வெகுகாலம் ஆயிற்று. 1990-இல் ஆறு ஆய்வுகளின் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் குயினிடின் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் சீரான துடிப்பில் இருந்தார்கள். சாப்பிடாதவர்களில் கால்வாசிப் பேர். நல்ல லாபம்தானே? அடுத்த வரியைப் படியுங்கள்: சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 2.9, சாப்பிடாதவர்களில் 0.8. துடிப்பு திருந்தியது; ஆட்கள் குறைந்தார்கள்.

ஏன் இப்படி? இதயச் செல்லின் சுவரில் நுண்ணிய வாசல்கள் உண்டு. சோடியம் உள்ளே வரும்போது மின் தூண்டல் பிறக்கிறது. பொட்டாசியம் வெளியே போகும்போது அடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் மைல்ஸ் வான் வில்லியம்ஸ் என்பவர் 1970 வாக்கில் இந்த மருந்துகளை வகை பிரித்தார். சோடியம் வாசலை அடைப்பவை முதல் வகை. அட்ரினலின் வேகத்தைக் குறைப்பவை இரண்டாவது. பொட்டாசியம் வாசலை அடைப்பவை மூன்றாவது. கால்சியம் வாசலை அடைப்பவை நான்காவது. சீரைத் திருப்பும் மருந்துகள் முதலாவதிலும் மூன்றாவதிலும்தான் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அந்த வாசல்கள் மேலறையில் மட்டும் இல்லை. கீழறையிலும் அதே சோடியம், அதே பொட்டாசியம். மேலறையின் நடுக்கத்தை நிறுத்தப் போன மருந்து கீழறைக்குள்ளும் கை வைக்கிறது. மேலறை நடுங்கினால் மனிதன் பல வருடம் இருப்பான். கீழறை நடுங்கினால் சில நிமிடம்.

மருத்துவ உலகம் இதை முழுதாக உணர்ந்தது 1980களின் கடைசியில், அமெரிக்காவில் நடந்த காஸ்ட் என்ற ஆய்வில். அது ஏ.எஃப்.புக்கான ஆய்வே இல்லை. ஆனால் இன்று ஏ.எஃப். நோயாளிக்கு எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் அதன் நிழல் இருக்கிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்குக் கீழறையில் இடையிடையே உபரித் துடிப்புகள் வரும். அவை நிறைய வருகிறவர்கள் திடீர் மரணமடைவது அதிகம் என்று தெரிந்திருந்தது. அப்படியானால் உபரித் துடிப்பை மாத்திரையால் அடக்கினால் மரணம் குறையும் அல்லவா? கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! டாக்டர்கள் எல்லோரும் நம்பினார்கள். லட்சக்கணக்கில் மாத்திரை போயிற்று. சோதித்துப் பார்ப்பதே அநாவசியம், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது பாவம் என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. எந்த நோயாளிக்கு மருந்து கேட்கிறது என்று முன்கூட்டியே சோதித்து, உபரித் துடிப்பு அடங்கியவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். மருந்துக்கு இதைவிடச் சாதகமான களம் அமைத்துக் கொடுக்க முடியாது. என்கெய்னைட் அல்லது ஃபிளெக்கெய்னைட் சாப்பிட்டவர்கள் 755 பேர், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் 743 பேர். சராசரியாகப் பத்து மாதம். மருந்துப் பக்கம் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரைப் பக்கம் 26 பேர்.

இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்பேன். ஈ.சி.ஜி. தாளைத் திருத்துவதும் ஆளைக் காப்பாற்றுவதும் ஒன்று என்று நினைத்திருந்தோம். ஒன்றல்ல என்று 1989-இல் தெரிந்தது. ஆய்வு அந்த மருந்துகளை மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டது.

அதற்காக ஃபிளெக்கெய்னைட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடவில்லை. போட வேண்டியதும் இல்லை. மாரடைப்பால் தழும்பு விழுந்த இதயத்தில் அது கொன்றது. தழும்பில்லாத, பலமான இதயத்தில் அது நல்ல மருந்து. எனவே இன்று எழுதுவதற்கு முன் எக்கோ பார்ப்போம், அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டும் சரி என்றால் கொடுக்கலாம். எப்போதாவது ஒருமுறை ஏ.எஃப். வந்து போகிறவர்களுக்குத் தினமும் மாத்திரை எதற்கு, வந்தால் மட்டும் போட்டுக்கொள்ளட்டுமே என்று இத்தாலிய மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். 'சட்டைப்பை மாத்திரை' என்று வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு தொடங்கியதும் ஃபிளெக்கெய்னைட் அல்லது புரோபஃபினோன் ஒரே வேளையாக. நூற்றுக்கு 94 முறை, சராசரியாக இரண்டு மணி நேரத்துக்குள் துடிப்பு சீரானது. நோயாளிகள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது பெரிய அளவில் குறைந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்த முதல் வேளையை வீட்டில் போட்டுப் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரியில், மானிட்டரில், டாக்டர் கண்முன் போட வேண்டும். ஏனென்றால் இந்த மருந்து சிலருக்கு மேலறையின் நடுக்கத்தை நிறுத்தாமல் மந்தப்படுத்திவிடும். 400 என்று ஓடியது 200-ஆகக் குறையும். குறைந்தது நல்லதுதானே என்று தோன்றும். 400-ஐத் தடுத்து நிறுத்தத் தெரிந்த ஏ.வி. கணு, 200 வந்தால் அத்தனையையும் அப்படியே கீழே அனுப்பிவிடலாம். கீழறையும் 200-இல் ஓட ஆரம்பித்தால் ஆள் சுருண்டு விழுவார். அதனால்தான் கணுவை அடக்கும் மாத்திரை ஒன்றை முன்னாலோ கூடவோ கொடுக்கிறோம். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?" என்று பார்மஸியில் வாங்காமல் வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இனி சோட்டலால். வான் வில்லியம்ஸ் பிரித்ததில் இது மூன்றாம் வகை. பொட்டாசியம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதால் செல் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடங்க அதிக நேரம் எடுக்கும். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. என்ற இடைவெளி நீளும். ஓரளவு நீண்டால் அதுதான் மருந்தின் வேலை. அளவு மீறினால் கீழறையில் முறுக்கிக்கொண்டு ஓடும் ஒரு கொடிய துடிப்பு வரும். பாரிஸில் டெஸர்டென் என்பவர் 1966-இல் அதை விவரித்தார். சோட்டலால் சாப்பிடுகிறவருக்கு எந்தெந்த நாள் ஆபத்து என்று கேட்டால், கோடையில் பேதி கண்ட நாள் என்பேன். வயிறு போனால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும், க்யூ.டி. மேலும் நீளும். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் இறங்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் சோட்டலால் வெளியேறாமல் தேங்கும். அதற்கு மேல் தெருமுனைக் கடையில் "சளி பிடிச்சிருக்கு" என்று கேட்டு வாங்கிய அஸித்ரோமைசினும், குமட்டலுக்கு ஒரு டாம்பெரிடோனும் சேர்ந்தால் ஆபத்து முற்றும்; இவையும் க்யூ.டி.யை நீட்டக்கூடியவை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சாதாரண மாத்திரை. சேரக் கூடாத இடத்தில் சேர்ந்துவிட்டன.

அடுத்து அமியோடரோன். இந்தச் சபையில் யாராவது துடிப்பு மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1961-இல் பெல்ஜியத்தில் பிறந்தது. நெஞ்சுவலிக்கு மருந்தாகத்தான் செய்தார்கள். ஃபிஜியில் பிறந்த இந்திய வம்சாவளியினரான பிரமா சிங், ஆக்ஸ்ஃபோர்டில் வான் வில்லியம்ஸோடு சேர்ந்து 1970-இல் இது துடிப்பைச் சீராக்கும் என்று காட்டினார். அர்ஜென்டினாவில் ரோசன்பாம் என்ற மருத்துவர் இதை நோயாளிகளிடம் பெரிய அளவில் பயன்படுத்தினார். நான் சொன்ன நான்கு வகையிலும் இதற்குக் கால் உண்டு. தளர்ந்த இதயத்திலும், அடைப்புள்ள இதயத்திலும் கொடுக்கலாம். மற்றவை நுழைய முடியாத இடம் அது. பலமும் அதிகம். கனடாவில் 403 பேரிடம் நடந்த ஆய்வில், பதினாறு மாதத்தில் ஏ.எஃப். திரும்பியது அமியோடரோனில் நூற்றுக்கு 35 பேருக்கு; சோட்டலால், புரோபஃபினோனில் 63 பேருக்கு. இவ்வளவு இருந்தும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1985-இல் இதற்கு அனுமதி கொடுத்தது உயிருக்கு ஆபத்தான கீழறைக் கோளாறுக்கு மட்டும்தான். ஏ.எஃப்.புக்கு அங்கே அனுமதியே கிடையாது. டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் எழுதுகிறார்கள்.

காரணம் அதன் இன்னொரு முகம். எடையில் 37 சதவீதம் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம். மனிதனுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். மாத்திரையில் உள்ளது அத்தனையும் உடனே வெளிவராது என்றாலும், வெளிவரும் பங்கே தேவையைப் போல் பல மடங்கு. தைராய்டு இதை எப்படித் தாங்கும்? சிலருக்குச் சுரப்பு படுத்துவிடும்: உடம்பு ஊதும், மலச்சிக்கல், எப்போதும் அசதி. "வயசாயிடுச்சு" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சிலருக்குச் சுரப்பு எகிறும். எகிறினால் படபடப்பு வரும், ஏ.எஃப்.பே திரும்பும். எந்த நோய்க்கு மாத்திரை போட்டோமோ அந்த நோயையே மாத்திரை வரவழைத்திருக்கும். அது தெரியாமல் மாத்திரையைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

அடுத்து நுரையீரல். அரிதுதான், ஆனால் வந்தால் கொல்லக்கூடியது. வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்கல். இதய நோயாளிக்கு மூச்சு வாங்கினால் எல்லோரும் இதயத்தைத்தான் சந்தேகிப்பார்கள். நீர் மாத்திரையைக் கூட்டுவார்கள். நெஞ்சில் சளி என்று ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். அமியோடரோனால் நுரையீரல் இறுகுகிறதோ என்று யாராவது ஒருவருக்குத் தோன்ற வேண்டும். கல்லீரல், கண், தோல் எல்லாவற்றிலும் இது படியும். கருவிழியில் படிவது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு, பெரும்பாலும் தொந்தரவில்லை. தோல் வெயிலுக்குத் தாங்காது. நீண்ட நாள் சாப்பிட்ட சிலருக்கு முகம் நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். நம் ஊர் வெயிலில் வயலிலும் கட்டட வேலையிலும் நிற்கிறவர்களுக்கு இதை எழுதும்போது முழுக்கைச் சட்டையும் துண்டும் சேர்த்தே எழுத வேண்டும்.

"நிறுத்திவிட்டால் போயிற்று" என்று நினைக்க வேண்டாம். கொழுப்பில் போய்ப் படிந்துகொள்ளும் மருந்து இது. இன்று நிறுத்தினால் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக இரண்டு மாதம் ஆகும். அதுவரை மற்ற மருந்துகளோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். உறைவுத் தடுப்பு மாத்திரைகளான வார்ஃபரின், அசெனோகூமரால் சாப்பிடுகிறவர்களுக்கு அமியோடரோன் சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மேல் நீர்த்துவிடும். அவற்றின் அளவைக் குறைத்து, ரத்தம் உறையும் தன்மையை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். டிகாக்ஸினைப் பாதியாக்க வேண்டும்.

இந்தக் குறையெல்லாம் இல்லாமல் அயோடினை எடுத்துவிட்டுச் செய்ததுதான் டிரோனடரோன். 2009-இல் நல்ல பெயரோடு வந்தது. ஆனால் இதயம் தளர்ந்தவர்களிடமும், ஏ.எஃப். நிரந்தரமாகிவிட்டவர்களிடமும் மரணத்தைக் கூட்டியது என்று இரண்டு ஆய்வுகள் காட்டின. இன்று அதன் இடம் சிறியது.

இப்போது பெரிய கேள்வி. சீரைத் திருப்ப இவ்வளவு பாடுபட வேண்டுமா? வேகத்தை அடக்கிவிட்டுச் சும்மா இருந்தால் என்ன? 2002-இல் வந்த அஃபர்ம் ஆய்வு இதைத்தான் கேட்டது. 4,060 பேர், சராசரி வயது எழுபது. பாதிப் பேருக்குச் சீரைத் திருப்பும் மருந்து, பாதிப் பேருக்கு வேகத்தை அடக்குவது. மரணத்தில் வித்தியாசமில்லை, பார்க்கப்போனால் சீரைத் திருப்பிய பக்கத்தில் ஒரு கை அதிகம். ஏன் என்று தோண்டியபோது கிடைத்தது நான் முன்பு சொன்ன குழப்பம். துடிப்பு சீராகிவிட்டது, இனி ரத்தம் உறையாது என்று நம்பிப் பலர் வார்ஃபரினை நிறுத்தியிருந்தார்கள். டாக்டர்களும் சம்மதித்திருந்தார்கள். பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது போதிய அளவில் சாப்பிடாதவர்கள். ஏ.எஃப். சத்தமில்லாமல் வந்து போகக்கூடியது, ஈ.சி.ஜி. எடுத்த அந்தச் சில விநாடிகளில் சீராக இருந்தது என்பதற்கு மேல் அந்தத் தாள் எதையும் உறுதி சொல்லாது.

அதே ஆய்வின் கணக்கை 2004-இல் இன்னொரு விதமாகப் பிரித்தார்கள். சீரான துடிப்பில் இருந்தவர்கள் குறைவாக இறந்திருந்தார்கள். துடிப்பு மருந்து சாப்பிட்டவர்கள் அதிகமாக இறந்திருந்தார்கள். சீர் வேண்டும், ஆனால் மருந்து அதற்கு வாங்கும் கட்டணம் அதிகம். என் கருத்தில் இந்தத் துறையின் மொத்தச் சங்கடமும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

பதினெட்டு வருடம் அஃபர்ம் தீர்ப்பே சட்டமாக இருந்தது. 2020-இல் ஐரோப்பாவிலிருந்து ஈஸ்ட் ஆய்வு வந்தது. 2,789 பேர். ஏ.எஃப். கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் இருப்பவர்களை மட்டும் சேர்த்தார்கள். ஒரு பக்கம் ஆரம்பத்திலேயே சீரைத் திருப்பும் சிகிச்சை; பெரும்பாலும் மாத்திரைதான், தேவைப்பட்டவர்களுக்கு அப்லேஷன் என்ற சுடும் சிகிச்சை. இன்னொரு பக்கம் வழக்கமான சிகிச்சை. இரண்டு பக்கத்திலும் பத்தில் ஒன்பது பேர் உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள். ஐந்து வருடத்தில் இதய நோய் மரணம், பக்கவாதம், மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்வது எல்லாம் சேர்ந்து ஆரம்பத்திலேயே சிகிச்சை பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சீரைத் திருப்பும் சிகிச்சையால் வந்த தீவிரமான தொந்தரவு அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு. மறுபக்கம் ஒன்றரைப் பேருக்கும் குறைவு.

முன்பு ஆகாதது இப்போது எப்படி ஆயிற்று? மருந்து அதேதான், ஃபிளெக்கெய்னைட் 1980களின் சரக்கு. ஆளைப் பார்த்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டோம், காஸ்ட் கற்றுக்கொடுத்தது. உறைவுத் தடுப்பை நிறுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம், அஃபர்ம் கற்றுக்கொடுத்தது. மூன்றாவது, காலம். மாஸ்ட்ரிக்ட் நகரில் அலெஸ்ஸியின் குழுவினர் 1995-இல் ஆடுகளின் மேலறையை மின்சாரத்தால் நடுங்கவைத்துப் பார்த்தார்கள். முதலில் சில விநாடியில் தானாக நின்ற நடுக்கம், வாரக்கணக்கில் தொடர்ந்து தூண்டிய பிறகு நிற்கவே இல்லை. நடுங்க நடுங்க மேலறை அதற்கே பழகிவிடுகிறது. ஐந்து வருடம் கழித்து வந்து சீரைத் திருப்புங்கள் என்றால் எந்த மாத்திரையாலும் சுலபமில்லை.

அப்லேஷன் பற்றிக் கேட்பீர்கள். நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் ரத்தக் குழாய்களின் வாயிலிருந்துதான் பலருக்கு ஏ.எஃப். கிளம்புகிறது என்று 1998-இல் பிரான்ஸின் போர்தோ நகரத்து ஐசகேர் குழு கண்டுபிடித்தது. அந்த இடத்தைச் சுட்டு வேலி போடுவதுதான் சிகிச்சை. சீரைக் காப்பதில் மாத்திரையை விட மேல். செலவும் மேல். அது தனிச் சொற்பொழிவுக்குரிய விஷயம், கூப்பிட்டால் வருகிறேன்.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். நோய் புதிது, படபடப்பு வாட்டுகிறது, அல்லது இதயம் தளரத் தொடங்கியிருக்கிறது என்றால் சீரைத் திருப்ப முயல வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. எண்பதைத் தாண்டி, பல வருடமாக ஏ.எஃப்.போடு தொந்தரவில்லாமல் நடமாடுகிற பெரியவருக்கு அமியோடரோனை ஏற்றிவைப்பது அவருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. வால்வு சுருங்கியவர்களுக்கு வார்ஃபரின் வகைதான். புதிய உறைவுத் தடுப்பு மாத்திரை வேண்டாம். இதை 2022-இல் 4,500-க்கு மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு தெளிவாக்கியது; இந்திய நோயாளிகளும் அதில் இருந்தார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் தடுப்பது எது, வேகத்துக்கு எது, சீருக்கு எது என்று கேட்டு, அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாடி சரியாகிவிட்டது என்பதற்காக முதல் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிறு போனால், வாந்தி நிற்காவிட்டால், புதிதாக எந்த மாத்திரை வாங்கினாலும், துடிப்பு மருந்து சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். அமியோடரோன் சாப்பிடுகிறவர் வீட்டில் யாரேனும் இருந்தால், இன்று ராத்திரி ஃபைலைப் பிரித்துக் கடைசித் தைராய்டு ரிப்போர்ட்டின் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் நாளைக் காலையிலேயே லேபுக்குப் போய் தைராய்டுக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.